தந்தையும் மகனும் ஒரே வகுப்பில்

பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் நாஞ்சில் நாட்டார் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். வயலை ஒற்றி வைத்தாவது கல்லூரிச் சம்பளம் கட்டுவார்கள். தோப்பை விற்றாவது பட்டம் வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் பையன் என்ன படித்தான் என்று கேட்டால் மட்டும், "ஏதோ கெமிஸ்டிரியாம்" என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்து விடுவார்கள். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் அல்லர். "உன் தகப்பனார் முப்பது வருஷமாக என்ன வேலை செய்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆபீஸின் பெயர் வரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இருபது வருஷம் ஒரே கூரையின் கீழ் வசித்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தது இவ்வளவுதான்!

நாம் உயர்நிலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகச் சரித்திரம் போதித்து வருகிறோம். வருஷந்தோறும் ஒரு காட்சியைப் பார்க்கிறோம். பிள்ளைக்குப் படிப்பு முடிகிறது. மூன்று நான்கு மாதங்களில் பெங்களூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ உத்தியோக உத்தரவு வருகிறது. அதன் பிறகு பிள்ளை வீட்டுக்கு வருவது விருந்தாளியாகத்தான். நடுவில் உள்ள அந்த நாலு மாதத்தைப் பெற்றோர் ஜாதகம் பார்ப்பதிலும், பிள்ளைகள் கைபேசியைப் பார்ப்பதிலும் செலவிடுகிறார்கள்.

அந்த நாலு மாதத்தில் எட்டு நாளை எடுத்து வேறு விதமாகச் செலவழித்துப் பார்ப்பது என்று ஐந்து குடும்பத்தார் தீர்மானித்தோம். 2024-ஆம் வருஷம் மே மாதம் பதின்மூன்று பேர் இலங்கைக்குப் புறப்பட்டோம். பாங்கி உத்தியோகஸ்தர் ஒருவர், அவருடைய மனைவி, இரண்டு பெண்கள். தேரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரும் அவர் மகனும். சங்கீதம் சொல்லிக் கொடுக்கும் அம்மாள் ஒருவரும் அவர் மகளும். கீரிப்பாறை ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் நர்ஸ் படிப்பு முடித்த அவர் மகளும். கடைசியாக நாமும், நம் மனைவியும், தாவர சாஸ்திரத்தில் பட்டம் பெற்ற நம் குமாரனும்.

புறப்படுமுன் நண்பர் ஒருவர் ஆட்சேபம் சொன்னார்: "பாடம் படிக்கத்தானே போறீங்க அண்ணாச்சி? தஞ்சாவூருக்குப் போனா ஆகாதா? கடல் தாண்டணுமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் தஞ்சாவூருக்குப் போனால் தகப்பனார் தகப்பனாராகவே இருப்பார். பாஷை தெரியும், பாதை தெரியும், சாப்பாட்டுக் கடை தெரியும். முன்னால் நடந்து கொண்டே உத்தரவு போடுவார். கடல் தாண்டிவிட்டால் சிங்கள எழுத்து அப்பாவுக்கும் புரியாது, பிள்ளைக்கும் புரியாது. நாணயக் கணக்கு இருவருக்கும் புதிது. இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சியில் உட்கார வேண்டியதுதான். அதிலும் இலங்கை நமக்குத் தூர தேசமல்ல. திருவனந்தபுரத்தில் ஆகாய விமானம் ஏறினால் ஒரு மணி நேரப் பிரயாணம். நாகர்கோவிலிலிருந்து மதுரைக்குப் போவதைவிடச் சீக்கிரம் போய்விடலாம்.

பிரயாணத்துக்கு மூன்று விதிகள் ஏற்படுத்திக் கொண்டோம். முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் ஒரு விஷயத்தை முன்னதாகப் படித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது, நடக்கும்போது யாரும் தம் சொந்தப் பிள்ளையோடு நடக்கக் கூடாது; பிறர் பிள்ளையோடுதான் நடக்க வேண்டும். மூன்றாவது, "சாப்பிட்டாயா?" "தொப்பி போட்டாயா?" என்ற கேள்விகள் எட்டு நாளைக்கு விலக்கப்பட்டவை. மூன்றாவது விதி முதல் நாளே மீறப்பட்டது. தாய்மார்கள் கொண்டு வந்த நேந்திரங்காய் வற்றலுக்கு முன் எந்தச் சட்டந்தான் நிற்கும்?

கொழும்பில் முதல் பாடம் தேசிய அருங்காட்சியகத்தில் நடந்தது. 1877-ல் திறக்கப்பட்ட அந்த மாளிகையில் ஒரு கற்பலகை இருக்கிறது. சீனத்துக் கப்பற் படைத் தலைவர் செங் ஹோ கொண்டு வந்த கல். அதில் பொறித்துள்ள வருஷம் 1409. காலி நகரத்தில் 1911-ல் அகப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று பாஷைகளில் அதில் எழுதியிருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. அறுநூறு வருஷங்களுக்கு முன் இந்து சமுத்திரத்தில் வியாபாரம் செய்ய வந்தவன் தமிழ் இல்லாமல் காரியம் நடக்காது என்று அறிந்திருந்தான்!

ஆனால் அந்தத் தமிழை வாசிக்க வேண்டுமே! எழுத்துத் தேய்ந்திருந்தது, உருவமும் பழையது. பட்டதாரிகள் ஆறேழு பேர் முதல் வகுப்புக் குழந்தைகளைப் போல் எழுத்துக் கூட்டிக் கொண்டிருந்தோம். தேரூர் விவசாயி ஒரு எழுத்தைக் கண்டு பிடித்ததும், பாங்கிக்காரரின் இளைய மகள் கை தட்டினாள். அவள் தன் தகப்பனார் கண்டு பிடித்திருந்தால் கை தட்டியிருப்பாளா என்பது சந்தேகந்தான். இரண்டாவது விதியின் மகிமை அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கிற்று.

மறுநாள் காலிக் கோட்டை. போர்த்துக்கீசியர் 1588-ல் அரண் கட்டிய இடம். 1640-ல் டச்சுக்காரர் பிடித்துப் பெரிய கோட்டையாக்கினார்கள். 1988-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகாரம் பெற்றது. மதில்மேல் நின்று நம் பங்குப் பாடத்தைச் சொன்னோம். 1741-ல் குளச்சலில் வந்து இறங்கிய டச்சுப் படை இந்த இலங்கைத் தீவிலிருந்துதான் புறப்பட்டது. மார்த்தாண்ட வர்மாவின் சேனை அதை முறியடித்தது. சிறைப்பட்ட டி லனாய் பிறகு மகாராஜாவின் படைத் தலைவராகி, 1777-ல் காலமாகி, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். அந்தக் கல்லறையைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காத பிள்ளை எங்கள் கூட்டத்தில் இல்லை. ஆனால் எதிரி புறப்பட்ட கரையில் நின்று கொண்டு நம் ஊர்ச் சரித்திரத்தைக் கேட்பது வேறு அனுபவம். தேரூர்க்காரரின் மகன் இன்னொன்றையும் எடுத்துச் சொன்னான். 2004 டிசம்பர் 26-ல் குளச்சலில் புகுந்த அதே ஆழிப்பேரலை காலி நகரத்தையும் தாக்கிற்று. கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெரும்பாலும் மதில்களே காப்பாற்றின. அவன் அதைச் சொன்னபோது மற்றவர்கள் சிறிது நேரம் பேசவில்லை.

மூன்றாவது பாடத்துக்கு ஆசிரியர் யார் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கம்பஹாவுக்கு அருகில் ஹெனரத்கொட என்னும் தாவரத் தோட்டம் இருக்கிறது. பிரேஸிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்த ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் 1876-ல் ஆசியாவுக்கு முதன்முதலாக வந்து வேரூன்றிய இடங்களில் அது முக்கியமானது. அங்கே ஒரு ரப்பர் மரத்தைக் கண்டதும், அதுவரை வாயே திறக்காமல் வந்த கீரிப்பாறைப் பெரியவர் கிட்டப் போய்ப் பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு விரலையே கத்தியாக்கிக் கொண்டு பாடம் ஆரம்பித்தார். விடியுமுன் போய்விட வேண்டும். இடது பக்கம் மேலேயிருந்து வலது பக்கம் கீழே சரிவாகச் சீவ வேண்டும். பட்டையைச் சீவலாம், மரத்தைத் தொடக் கூடாது. கத்தி நூலிழை ஆழம் அதிகம் போனால் மரத்தில் முண்டு விழும். பிறகு அந்த இடத்தில் வெட்டு ஓடாது.

"வலமிருந்து இடமாக ஏன் வெட்டுவதில்லை?" என்று சங்கீத ஆசிரியையின் மகள் கேட்டாள்.

"எங்க மேஸ்திரி அப்படித்தான் சொல்லித் தந்தாரு. மாத்தி வெட்டினா பால் குறையும். காரணம் தெரியாது, மக்களே."

அப்போது நம் குமாரன் முன்னால் வந்தான். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக இல்லை, மேலே போகப் போக வலப்புறம் சிறிது சாய்ந்திருக்கின்றன. இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். அதனால் அதிகப் பால் வரும் என்று ஒரு குச்சியால் மண்ணில் படம் போட்டுக் காட்டினான். விடியற்காலையில் இலைகள் நீரை இழக்காமல் இருப்பதால் குழாய்க்குள் அழுத்தம் அதிகம் என்பதையும் சொன்னான். பெரியவர் குனிந்து படத்தைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருசம் வெட்டியிருக்கேன். இப்பத்தான் தெரியுது. நல்லாச் சொன்னீங்க, தம்பி" என்றார். தம்மில் பாதி வயதுகூட ஆகாத பையனை அவர் 'நீங்கள்' என்றார். அவனோ, கத்தியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொண்டிருந்தான்.

நம் குமாரன் பாடம் சொல்லி நாம் கேட்டது அன்றுதான். நன்றாகச் சொல்கிறான் என்பது இருபத்திரண்டு வருஷம் அதே தொழிலைச் செய்தவருக்குத் தெரியாமல் போகுமா? அதே சமயத்தில் அந்த நர்ஸ் பெண்ணின் முகத்தையும் கவனித்தோம். தன் தகப்பனாரைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்று பாடம் கேட்பதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அங்கிருந்து கண்டி வழியாக ரயிலில் ஹட்டனுக்குப் போனோம். மலைநாட்டின் கதையைச் சொல்லும் பொறுப்பு பாங்கி உத்தியோகஸ்தரின் குடும்பத்துக்கு. முதலில் காப்பித் தோட்டங்கள். 1869-ல் தொடங்கிய இலைநோயால் காப்பி அழிந்தது. 1867-லேயே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டிருந்தார். பிறகு மலை முழுவதும் தேயிலையாயிற்று. கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன ஏழை ஜனங்கள். 1948-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் செய்து கொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக் கொள்வதென்று முடிவாயிற்று. பெரிய மகள் எழுதி வந்ததைத் தெளிவாக வாசித்து முடித்தாள்.

"அதிலே நானும் ஒருத்தன்" என்றார் பெரியவர்.

அவர் பிறந்தது ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில். 1975-ல் பன்னிரண்டாவது வயதில் கிளம்பினார். வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் கதறுவதால் அந்த ரயிலுக்கு மலைநாட்டார் 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம், அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் கீரிப்பாறை. தாயகம் திரும்பியோருக்குத் தமிழ்நாடு ஸர்க்கார் வேலை கொடுத்த ரப்பர்த் தோட்டங்களில் அதுவும் ஒன்று. பிற்பாடு, 1984-ல், அந்தத் தோட்டங்களுக்கென்று அரசு ரப்பர்க் கழகம் ஏற்பட்டது. இவ்வளவையும் ஹட்டன் ஸ்டேஷன் பெஞ்சியில் உட்கார்ந்து சொன்னார்.

"இதையெல்லாம் எங்கிட்டே சொன்னதே இல்லையே, அப்பா?" என்றாள் மகள்.

"நீ கேட்கலை, எனக்கும் சொல்ல வரலை. எங்கம்மா ஒரே ஒரு தகரப் பெட்டிதான் கொண்டாந்தா. நம்ம பரண் மேலே இருக்குல்ல, அதுதான்."

அவள் தலை குனிந்தாள். "அதைத்தான் போன பொங்கலுக்குப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன்" என்றாள் மெதுவாக.

இன்னும் இரண்டு மாதத்தில் அவள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போக இருந்தாள். அன்று மாலை தகப்பனும் மகளும் மட்டும் அந்தத் தோட்டத்துக்குப் போனார்கள். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை. திரும்பி வந்த பிறகு என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவுமில்லை. இரண்டாவது விதி அன்று ஒரு நாள் தள்ளி வைக்கப்பட்டது.

ஊருக்குத் திரும்பிய பின் சிலர் எம்மிடம் செலவுக் கணக்குக் கேட்டார்கள். ஒரு நடுத்தரக் கலியாணத்தில் பந்தல் அலங்காரத்துக்கும் போட்டோப் படத்துக்கும் ஆகும் தொகைக்குள் ஒரு குடும்பத்தின் பிரயாணம் அடங்கி விடும். ஆனால் ஏழு நாளில் ஏழு தேசம் காட்டும் ஏற்பாடுகளில் போய்ச் சேர்ந்தால் மூட்டையை எண்ணுவதற்குத்தான் நேரம் இருக்கும், பேசுவதற்கு இராது. ஒரு தேசம், சிறு கூட்டம், முன்னதாகப் படித்த நாலு பாடம் - இவை போதும். போகிற இடத்துக்கும் நம் ஊருக்கும் ஏதாவது ஒரு பழைய கணக்கு இருந்தால் இன்னும் விசேஷம்.

வீட்டில் வளர்ந்த பிள்ளை இருக்கும் நேயர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். படிப்பு முடியும் மாதத்துக்கும் உத்தியோக உத்தரவு வரும் மாதத்துக்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கிறது என்று பஞ்சாங்கத்தை எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுவது அதற்கு அப்புறம். இந்த நாட்கள் கடந்து விட்டால், பிறகு எத்தனை பொருள் இருந்தாலும் விலைக்குக் கிடைக்க மாட்டா.