அரிப்புக்கு மரியாதை இல்லை

வலிக்கு இவ்வுலகில் உள்ள மரியாதை அரிப்புக்குக் கிடையாது. "தலை வலிக்கிறது" என்றால் வீட்டிலுள்ளோர் தைலத்தைத் தேடிக்கொண்டு ஓடுகிறார்கள். "அரிக்கிறது" என்று சொன்னாலோ சிரிக்கிறார்கள்; அல்லது சற்று எட்டி உட்காருகிறார்கள். அதிலும் வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் அரிப்பு வந்துவிட்டால் ஒரு ஸ்திரீயின் பாடு என்னவென்பதை நாம் இரண்டு வருஷங்களாக அனுபவித்து அறிந்திருக்கிறோம்.

நமது இடது மார்பில் புற்றுநோய் கண்டு, சத்திர சிகிச்சை செய்து மார்பை எடுத்துவிட்டார்கள். கத்தியைப் பற்றி நாம் பெருமை பேசுவதற்கில்லை. மயக்க மருந்தின் புண்ணியத்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தோம். 1811-ம் வருஷம் பாரிஸ் நகரில் பானி பர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியைக்கு நெப்போலியனின் படை வைத்தியரான லார்ரே இதே சிகிச்சையைச் செய்தபோது மயக்க மருந்து என்பதே வழக்கத்தில் இல்லை. அந்த அம்மாள் அத்தனையையும் தாங்கிக்கொண்டு, தம் தமக்கைக்கு அதை விவரித்து நீண்ட கடிதமும் எழுதிவிட்டு, மேலும் சுமார் 28 வருஷம் ஜீவித்திருந்தார். அந்தக் கடிதம் உலகப் பிரசித்தம். அரிப்பைப் பற்றிக் கடிதம் எழுதி யாராவது பிரசித்தி அடைந்ததுண்டா?

தையல் பிரித்துக் கரையாம்புத்தூருக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் அது ஆரம்பித்தது. முதலில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. பிறகு எறும்புப் புற்றே உள்ளே இருப்பது போல் ஆயிற்று. நல்ல வேளையாக அது அறுவடைக் காலம். களத்துத் தூசியினால் ஊரே சொறிந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் நாமும் கலந்து தப்பித்துக்கொண்டோம். வைக்கோல் போர் எழும்பிய பிறகு நமக்குச் சாக்கு ஒன்றும் அகப்படவில்லை.

விஷயம் மாமியாருக்குத் தெரிந்தது. அவர் ஒரு நிமிஷங்கூட யோசிக்கவில்லை. "கத்தரிக்காய் தின்னாதே என்றால் கேட்டாயா? கரப்பான் பண்டமாயிற்றே!" என்றார். கத்தரிக்காயும் கருவாடும் நம் வீட்டிலிருந்து பிரஷ்டம் செய்யப்பட்டன. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். பூசிய இடம் எரிந்தது. எரிச்சல் அடங்கியதும் அரிப்பு தன் வேலையைத் தொடங்கியது.

நம்முடைய உண்மையான பயம் வேறு. நோய்தான் திரும்பி வந்து உள்ளே ஊர்கிறதோ என்று இரவெல்லாம் விழித்திருப்போம். டாக்டரிடம் போனால் அதையே சொல்லிவிடுவாரோ என்று போகாமலும் இருந்தோம். சீப்பின் பிடியால் இருட்டில் சொறிவோம். ஒரு நாள் விடியற்காலை ரவிக்கையில் இரத்தக் கறையைக் கண்ட மாமியார் கத்தரிக்காயைப் பற்றிப் பேசவே இல்லை. "புடைவையை மாற்றிக்கொண்டு வா, முதல் பஸ்ஸுக்குப் போகலாம்" என்றார்.

டாக்டரம்மாள் வடுவையும் அக்குளையும் கையையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் விளக்கம் சொன்னார். வடு ஆறும்போது அந்தத் தோலிலுள்ள சில அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளைக் கக்குகின்றன. அது அரிப்பை எழுப்புகிறது. அக்குளில் அறுபட்ட நரம்புகள் மறுபடி துளிர்க்கின்றன. நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அவை தாறுமாறாகச் செய்தி அனுப்புகின்றன. ஆகையால்தான் ஒரு விரற்கடை இடம் மரத்திருக்க, அதை அடுத்த இடம் துணி பட்டாலே துடிக்கிறது. நமக்கு நம் புதுச்சேரிப் பிரதேசம் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒட்டுப் போட்ட துணி போலத் துண்டு துண்டாகத்தானே கிடக்கிறது! கரையாம்புத்தூரிலிருந்து சிறிது தூரம் போனால் தமிழ்நாடு. இன்னும் சிறிது தூரம் போனால் மறுபடி புதுச்சேரி.

"எடுத்துவிட்ட மார்பே அரிப்பதுபோல் இருக்கிறதே, எங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?" என்று கேட்டோம். மாமியாரையும் சேர்த்துக்கொண்டால் தைரியமாக இருந்தது. டாக்டரம்மாள் சிரிக்கவில்லை. கால் இழந்தவர்களுக்கு இல்லாத கால் அரிப்பதுண்டு. மார்பும் அப்படியே என்றார். இல்லாத இடத்தை எப்படிச் சொறிவது என்பது மட்டும் சாஸ்திரத்துக்கும் எட்டவில்லை போலும்.

1660-ல் ஹாபென்ரெபர் என்ற ஜெர்மன் வைத்தியர், சொறியத் தூண்டும் உணர்ச்சியே அரிப்பு என்று இலக்கணம் வகுத்தார். அதற்கென்றே தனி நரம்பிழைகள் மனிதத் தோலில் உண்டென்று காட்டப்பட்டதோ 1997-ல்தான். அதுவரை அதை வலியின் ஏழைத் தங்கையாகவே வைத்திருந்தார்கள்.

நமக்குக் கிடைத்த வைத்தியம் எளியது: வாசனையில்லாத களிம்பைத் தினம் இருமுறை தடவுதல், ஈரத் துணி ஒற்றுதல், தொளதொளவென்ற பருத்தி ரவிக்கை. அரித்தால் உள்ளங்கையால் அழுத்தலாம், நகம் கூடாது. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்தில் ஒரு சின்னக் கீறல் சீழ் பிடித்தாலும் கை முழுதும் வீங்கக் கூடுமாம். புதிதாகக் கட்டியோ, சிவப்போ, சூடோ, ஆறாத புண்ணோ, கை வீக்கமோ கண்டால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அரிப்பு போய்விடவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் வேளையில் இன்னமும் வந்து எட்டிப் பார்க்கிறது. "அரிக்குதா?" என்று மாமியார் திண்ணையிலிருந்தே உரக்கக் கேட்கிறார், எதிர் வீட்டுக்குக் கேட்டாலும் அவருக்குக் கவலையில்லை. பானைத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து தருகிறார். கத்தரிக்காயும் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அது குழம்பில் மிதக்கும் நாளில் மாத்திரம், நம் கை முந்தானைக்குள் போகிறதா என்று அடுப்பங்கரையிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அவர் கரண்டியைக் கையில் எடுக்கிறார்.