லாச்சப்பலிலிருந்து வீடு வரை

5 டிசம்பர் 2019, வியாழன்

ஓய்வூதிய முறையை மாற்றும் திட்டத்தை எதிர்த்து இன்று பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம். பாரிசில் ஓட்டுநர் இல்லாத 1ஆம், 14ஆம் இலக்க மெத்ரோக்கள்தான் வழக்கம்போல ஓடின. எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடும் 2ஆம் இலக்கம் வரவேயில்லை. இரவு எட்டு மணிக்குச் சேலைக்கடையைப் பூட்டிவிட்டு கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போனால் கால் வைக்க இடமில்லை. வீடு இருக்கும் லா கூர்நேவ் வரை நடந்தே போவதென்று முடிவெடுத்தேன்.

எதிரே மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கும் பெடியனுக்கும் அதே பக்கம்தான் வீடு. "நான் கத்ர் ஷ்மான் மட்டும் போறன். இந்த இருட்டுக்குள்ளை தனியப் போகாதேங்கோ" என்றான். ஸ்தாலின்கிராட் தாண்டும்வரை அவன் பத்தடி முன்னால், நான் பின்னால். அதற்கப்பால் அவென்யூ து ஃப்ளாந்த்ரில்தான் சேர்ந்து நடந்தோம்.

விளக்கு வெளிச்சத்தில் அவன் கைகளைப் பார்த்தேன். விடியப்புறம் ரன்ஜிஸ் சந்தையிலிருந்து வரும் பெட்டிகளைக் குளிரில் இறக்கி இறக்கி விரல் மூட்டுகளில் தோல் வெடித்திருந்தது. நகக்கண்களில் பச்சைக் கறை. கையுறை இல்லையா என்று கேட்டேன். "கையுறை போட்டா வெண்டிக்காய் பிஞ்சோ முத்தலோ எண்டு தெரியாது" என்றான்.

14 டிசம்பர் 2019, சனி

ரயில் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை லாச்சப்பலுக்குச் சனம் வந்துகொண்டுதான் இருக்கிறது. 1860 வரை இது பாரிசுக்கு வெளியே இருந்த தனி ஊர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிரைப் பிடித்துக்கொண்டு வந்த எங்கள் ஆட்கள் கார் து நோரின் வடக்குப் பக்கத்தில் ஒவ்வொரு கடையாகத் திறந்து, இதை எங்கள் ஊராக்கினார்கள். மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் தொடங்கியது. அதே ஆண்டுதான் மெத்ரோ வாசலில் இருக்கும் பூஃப் து நோர் அரங்கை நடத்திய பீட்டர் புரூக், மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக மேடையேற்றினார்.

ஒரு கல்யாணத்துக்கு வேண்டியது முழுவதும் ஃபோபூர் சான் தெனி வீதியிலும் அதன் கிளை வீதிகளிலும் கிடைக்கும். கூறை, தாலிக்கொடி, பூமாலை, அழைப்பிதழ், மணவறை, வீடியோ, பலகாரம். ஆனால் கல்யாணத்துக்கு முன் இரண்டு பேர் நின்று கதைக்க ஓரடி இடமில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் அப்பாவின் ஊரவர் ஒருவர், அம்மாவோடு படித்தவர் ஒருவர். இதே வீதியில் வளர்ந்த என் தோழிகள் காதலித்ததெல்லாம் பார்பேஸுக்கு அப்பால், எங்களை யாரென்று தெரியாத தெருக்களில்.

இன்று கடைக்கு ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். மாமியாராகப் போகிறவர் கூறையின் சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பெரியம்மா நிறம் சொன்னார். அத்தை விலை பேசினார். நான் சேலையை மடித்து, மடிப்புக்கு மடிப்பு மெல்லிய தாள் வைத்து, பெட்டியை மூடிய பிறகுதான் யாரோ பெண்ணைத் திரும்பிப் பார்த்து "உனக்குப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார்கள். அவள் தலையாட்டினாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். எனக்கு நெஞ்சு கனத்தது.

15 ஜனவரி 2020, புதன்

தைப்பொங்கல். கடை வாசல்களில் கரும்பும் மஞ்சள் கொத்தும் மண்பானையும். மெத்ரோக்கள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. வேலைநிறுத்தம் தளர்ந்துவிட்டது.

போர்த் து லா வில்லெத் பாலத்தடியில் அவன் கேட்டான்: "இனி நீர் மெத்ரோவிலைதான் போவீரோ?"

"இல்லை, நடப்பம்" என்றேன்.

அவ்வளவுதான் கதைத்தோம். மிச்ச வழி முழுக்க இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நான் அவனைக் காதலிக்கிறேன். எவரிடமும் சொல்லாததை முதலில் இங்கே முழு வசனமாக எழுதிவைக்கிறேன்.

20 பெப்ரவரி 2020, வியாழன்

அவனுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. பதிவுத் தபாலில் வந்த கடிதத்தை என்னிடம் நீட்டி "என்ன எழுதியிருக்கு?" என்றான். கோப்பிக் கடையில் ஒரு மூலையில் இருந்து வாசித்தேன். சம்பவங்களைப் பொதுவாகத்தான் சொல்கிறார், தனக்கு நடந்ததாகச் சொல்ல விவரம் போதவில்லை என்று எழுதியிருந்தது. மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம். வழக்கு மொந்த்ரேயில் இருக்கும் அகதிகள் நீதிமன்றத்துக்குப் போகும்.

இப்படிக் கடிதம் வாசிப்பது எனக்குப் புதிதல்ல. எழுதப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து நான்தான் எங்கள் வீட்டின் வாய். வங்கி, வாடகை, மின்சாரம், வதிவிட அனுமதிக்கான பிரிபெக்சர் என்று எல்லாக் கண்ணாடிச் சாளரங்களுக்கு முன்னாலும் அம்மா அப்பாவுக்கு நடுவில் நின்றிருக்கிறேன். ஆசிரியை என்னைப் பற்றிச் சொன்ன குறையை நானே அம்மாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் மருத்துவர் என் முகத்தைப் பார்த்து, "உன் அம்மாவின் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று சொல்லு" என்றார். சொன்னேன். லாச்சப்பலில் வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இப்படி ஒரு நாள் இருக்கும். எங்களைப் பார்த்து "பெரிய மனுசி மாதிரி" என்று மெச்சுவார்கள். பெரியவர்களின் பாரத்தைச் சுமந்தோம் என்பது உண்மை. எங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நாங்களும் சொல்லிப் பழகவில்லை.

மேன்முறையீட்டுக்காக அவன் தன் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். 2009 ஏப்ரல், இறுதிப் போர்க் காலம். அவனுக்குப் பதினான்கு வயது. முள்ளிவாய்க்கால் பக்கம் மணலில் வெட்டிய பங்கருக்குள் அவனுடைய அம்மா அவனைப் பகல் முழுக்க மூடிவைத்திருந்தார். தண்ணீர் எடுக்கப் போன அண்ணன் திரும்பவில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, தேநீர்க் கோப்பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். அதே ஏப்ரலில் எனக்குப் பதினொரு வயது. போரை நிறுத்தச் சொல்லிப் பாரிஸ் தெருக்களில் திரண்ட தமிழர்களோடு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சுப் பதாகையோடு நின்றேன். இரவில் தொலைக்காட்சிச் செய்தியை வீட்டாருக்குத் தமிழில் சொன்னேன். யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று அன்றைக்குத் தெரியாது. இவனும் அதற்குள் இருந்திருக்கிறான்.

அண்ணன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், கடைசியாக என்ன சொன்னார், எத்தனை மணிக்குப் போனார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நீதிமன்றத்துக்கு அந்த விவரங்கள்தான் வேண்டும். கேட்கக் கேட்க அவன் முகம் வெளிறியது. என் கையெழுத்தும் கோணியது. ஆனாலும் இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

16 மார்ச் 2020, திங்கள்

கொரோனாவால் சனிக்கிழமை நள்ளிரவோடு உணவகங்களை மூடிவிட்டார்கள். அப்பாவின் சமையலறை வேலை நின்றுவிட்டது. இன்றிரவு எட்டு மணிக்கு ஜனாதிபதி மக்ரோன் தொலைக்காட்சியில் "நாம் போரில் இருக்கிறோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வழக்கம்போலத் தமிழில் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். போர் என்ற சொல்லைக் கேட்டால் அவர் உடம்பு தானாக அதைத்தான் செய்யும்.

நாளை நண்பகலில் எல்லாம் முடங்கும். இனி எப்போது சந்திப்போம்?

4 ஏப்ரல் 2020, சனி

வெளியே போக அனுமதிப் படிவம் நிரப்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர். கணினியில் வரைபடத்தைத் திறந்து என் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம், அவன் றூமைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். இரண்டும் ஒரு பேக்கரி வாசலில் வந்து தொடுகின்றன! பாண் வாங்கும் வரிசையில் இடைவெளி விட்டு நின்று, கண்ணால் கதைத்தோம். ஒரே றூமில் இருக்கும் ஐந்து பேரில் இரண்டு பேருக்குக் காய்ச்சலாம். லாச்சப்பலில் மளிகைக் கடைகள் திறந்திருப்பதால் அவனுக்கு வேலை இருக்கிறது. விடியப்புறம் படிவத்தோடு நடந்து போகிறான்.

எங்கள் மாவட்டம் சேன் சான் தெனி. கடைக்காரர், துப்புரவுத் தொழிலாளர், பஸ் ஓட்டுநர், தாதியர் என்று வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாத சனம் வாழும் இடம். சிறிய வீடு, பெரிய குடும்பம். இறப்பு மிக வேகமாக உயர்ந்த மாவட்டங்களில் ஒன்றாக இது ஆனதன் காரணம் எங்கள் படிக்கட்டில் ஏறி இறங்கினாலே தெரியும்.

14 ஏப்ரல் 2020, செவ்வாய்

அப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கி மூச்சுத் திணறல்வரை வந்துவிட்டது. அவசர மருத்துவ உதவிக்கு 15ஐ அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் அப்பாவின் மூச்சை எண்ணச் சொன்னார். கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அப்பாவின் நெஞ்சில் கை வைத்து எண்ணிச் சொன்னேன். அம்புலன்சில் ஒருவரையும் ஏற்றவில்லை. மருத்துவமனைக்கும் வரக்கூடாது என்றார்கள். "பிள்ளை, அவருக்குப் பிரெஞ்சு விளங்காதே, ஆர் சொல்லிக் குடுப்பினம்?" என்று அம்மா படியில் உட்கார்ந்து அழுதார். முதல்முறையாக அப்பா நான் இல்லாமல் போனார்.

மாலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஆளில்லை. வாசலில் ஒரு பை. அரிசி, பருப்பு, இஞ்சி, கொத்தமல்லி, முருங்கைக்கீரை, கறிவேப்பிலை. எட்டிப் பார்த்தேன். கீழே இறங்கிப் போய், கட்டடத்துக்கு வெளியே நின்று கை காட்டினான். அம்மாவும் யன்னலால் பார்த்துவிட்டார்.

"ஆர் அந்தப் பெடியன்?"

கடையில் வேலை செய்பவர், யாரோ உதவிக்கு அனுப்பியிருப்பார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. "அம்மா, நான் விரும்புற ஆள். எனக்கு அவர் வேணும்" என்றேன்.

இத்தனை வருடமாக எத்தனையோ சாளரங்களில் எத்தனையோ வசனங்கள் பேசியிருக்கிறேன். என் பெயரில் நான் பேசிய முதல் வசனம் இது. பிறருக்காகப் பேசிய காலமெல்லாம் நான் பெரியவளாக நடித்த பிள்ளை. எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லி, அதன் விளைவை ஏற்க நின்ற இந்த இரவில்தான் உண்மையில் வளர்ந்திருக்கிறேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் மல்லித்தண்ணி வைத்தார்.

11 மே 2020, திங்கள்

முடக்கம் தளர்ந்தது. அப்பா போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டார். கன்னம் ஒட்டி, பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. அம்மா சொல்லியிருக்கிறார் போல. சாய்மனைக் கதிரையில் இருந்தபடி கேட்டார்: "எந்த ஊர்? ஆற்றை மகன்?"

இந்த இரண்டு கேள்விகளும் எங்கே போய் நிற்கும் என்று லாச்சப்பலில் எல்லோருக்கும் தெரியும். கடல் கடந்து, காடு கடந்து, போலிக் கடவுச்சீட்டில் உயிரைப் பணயம் வைத்து வந்தவர்கள் சாதியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எத்தனை காதல்கள் இந்தக் கேள்விகளில் அடிபட்டுச் செத்தன என்று இந்த வீதிக்குத் தெரியும்.

"ஊரைச் சொல்லுறன் அப்பா. ஆனா அதை வைச்சு நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடந்த நாள் முழுக்க எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்த ஆள் எண்டதை வைச்சு எடுங்கோ" என்றேன்.

நீண்ட நேரம் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வரச்சொல்லு. நான் கதைக்க வேணும்" என்றார்.

11 ஜூலை 2020, சனி

நேற்று இருவரும் லா கூர்நேவ் நகரசபைக்குப் போனோம். பிரான்சில் கோயிலில் தாலி கட்டுவதற்கு முன் நகரசபையில் பதிவுத் திருமணம் முடிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். வதிவிட அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருமணத்தைத் தடுக்க முடியாது என்று அரசியல் சாசனப் பேரவை 2003 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. இது தெரியாமல் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் பயந்து ஒளிந்து வாழ்கிறார்கள்! அவனுடைய பிறப்புச் சான்றிதழை அவனுடைய அம்மா கிளிநொச்சிக் கச்சேரியில் எடுத்து அனுப்புவார்.

வாசலில் வைத்து அவன் தயங்கினான். முடக்கத்தில் நின்றுபோன அகதி வழக்கு விசாரணைகள் இப்போதுதான் மெல்லத் தொடங்கியிருக்கின்றன. "தீர்ப்பு வரட்டும். வதிவிட அட்டைக்காகக் கட்டினவன் எண்டு உம்மடை ஆக்கள் சொல்லக்கூடாது."

"தீர்ப்பு உங்கடை வழக்குக்கு. இது எங்கடை விசயம். எது வந்தாலும் இரண்டு பேருமாப் பாப்பம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துத் தலையாட்டினான். அது போதாது, வாயால் சொல்லுங்கள் என்றேன். "ஓம், எனக்கும் வேணும்" என்றான்.

உள்ளே இருந்த பெண் அலுவலர் பத்திரங்களைப் பார்த்துவிட்டு, திருமண நாளில் சட்டப் பிரிவுகளைப் பிரெஞ்சில் வாசிப்பார்கள், இவருக்கு விளங்குமா, நீங்கள் மொழிபெயர்ப்பீர்களா என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க ஆமென்று தலையாட்டிய கேள்வி.

"இல்லை. நான் மணப்பெண். அவர் படித்துக்கொண்டு வருவார். இன்னும் விளங்காவிட்டால் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து வருவோம்" என்றேன்.

செப்டம்பரில் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் சேர்கிறான். கூடவே அப்பாவும் சேர வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.