கிணற்றடியில் ஒரு தகரப் பேணி

கொஞ்சம் நீளமான பதிவு. படகுக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் பவுசர் வரவில்லை. தீவுப்பகுதியில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிணறு இருக்கிறது, கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது, ஆனால் வாயில் வைக்க ஏலாத சவர். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தல்கள்தான் அன்றைக்குக் குடிதண்ணீர். மூன்றாம் பாடவேளை, பத்தாம் தரம். ஒரு பிள்ளை களைத்துப்போய் மேசையில் தலையை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவளின் போத்தலில் அரைவாசிக்கு மேல் இருந்தது.

"அவவுக்குக் கொஞ்சம் குடுங்கோ" என்றோம்.

அவள் போத்தலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "ரீச்சர், அவைக்குக் குடுத்தா அம்மம்மா ஏசுவா."

வகுப்பில் இருந்த எல்லாருக்கும் அது விளங்கியது. தலையை வைத்திருந்த பிள்ளைக்கும் விளங்கியது, அவள் நிமிரவில்லை. எங்கள் போத்தலைக் கொடுத்தோம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எடுக்கவேண்டிய பாடம் இலக்கியம். இப்படி ஒரு சொல்லைக் கேட்டபிறகு செய்யுளுக்குப் பதவுரை எழுதுவிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கதை சொன்னோம். தீவுப் பிள்ளைகள் என்றபடியால் தீவுக் கதைகள்.

முதலில் ஹய் இப்னு யக்ழான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் இருந்த மருத்துவர் இப்னு துஃபைல் எழுதிய கதை. ஆளில்லாத தீவில் ஒரு குழந்தை. ஒரு பெண்மான் அதற்குப் பால் கொடுத்து வளர்க்கிறது. ஒரு நாள் மான் செத்துப்போகிறது. அந்தப் பிள்ளை அதன் நெஞ்சைப் பிளந்து, உள்ளே இருந்து எது போய்விட்டது என்று தேடுகிறான். அங்கே தொடங்கும் கேள்வி, ஆசிரியர் இல்லாமல், வேதம் இல்லாமல், பாஷைகூட இல்லாமல், படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது வரைக்கும் அவனைக் கொண்டுபோகிறது. எங்கள் வாப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது கண் கலங்குவார். மெய்யியல் படித்தவர்கள் இதைப் பகுத்தறிவின் வெற்றி என்று சொல்வார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பக்கத்துத் தீவிலிருந்து அப்ஸால் என்று ஒருவர் வருகிறார், ஹய்யுக்குப் பேசப் பழக்குகிறார், தன் ஊருக்குக் கூட்டிப்போகிறார. கண்டறிந்ததை ஹய் அந்தச் சனத்துக்குச் சொல்லப் பார்க்கிறான். சனம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டு பேரும் ஆளில்லாத் தீவுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

எங்களுக்கு அந்தத் திரும்பிப் போவதில் எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. அரசவையில் வேலை பார்த்த மனிதர், சனத்தைத் தெரிந்துதான் அப்படி எழுதியிருப்பார். என்றாலும் மனக்குறை போகவில்லை.

அடுத்தது ஆபுத்திரன். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று ஊரில் எல்லாரும் சொல்வோம். ஆராய்ச்சியாளர் எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை, அது வேறு கதை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி ஆபுத்திரன் கையில் இருக்கிறது. மழை பெய்து நாடு செழித்ததும் அவனைத் தேடி வர ஆளில்லை. பசித்தவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. பாத்திரம் அவனிடம் இருக்கிறது. தான் மட்டும் சாப்பிட்டு எத்தனை வருசமும் இருந்திருக்கலாம். அவன் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்தே உயிரை விட்டான்.

"விசரனோ ரீச்சர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. நல்ல கேள்விதான். கொடுக்க ஆளில்லாவிட்டால் தான் யார் என்று அவனுக்கே தெரியாமல் போயிருக்கும் என்று எங்களுக்கு விளங்கிய மாதிரிச் சொன்னோம். ஹய்யுக்குத் தனிமையில் எல்லாம் கிடைத்தது. ஆபுத்திரனுக்குத் தனிமையில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

மூன்றாவது ஆள் கதையில் வருபவர் அல்ல. நாங்கள் நாளும் குறிகட்டுவானுக்கு பஸ்ஸில் கடந்து போகிற புங்குடுதீவில் 1935 இல் பிறந்த மு. தளையசிங்கம். அவரும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்தான். சிறுகதை எழுதினார், விமர்சனம் எழுதினார், முற்போக்கு எழுத்தாளர்களோடு கடுமையாக வாதாடினார். மனித மனம் இன்னும் முழுமை அடையவில்லை, இதைத் தாண்டிப் பேர்மனம் என்று ஒன்று இருக்கிறது, சமூகம் முழுவதும் அதை நோக்கி எழும்பவேண்டும் என்றார். இலக்கியம் என்பது சிலர் எழுத மற்றவர்கள் பொழுதுபோக்காக வாசிக்கிற விஷயமாக இருக்கக்கூடாது என்றும் சொன்னார். அவர் காலமான பிறகு வெளிவந்த 'மெய்யுள்' அதைப் பற்றியது. உண்மையைச் சொன்னால், நாங்கள் இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் இடையில் மூடி வைத்த புத்தகம் அது.

ஆனால் அவர் செய்ததை விளங்கிக்கொள்ளப் புத்தகம் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் நன்னீர்க் கிணற்றடிக்குக் குடத்தோடு வந்து எட்ட நிற்கவேண்டும். கயிற்றைத் தொடக்கூடாது. கயிறு பிடிக்க உரிமை உள்ள யாராவது வந்து, மனம் இரங்கி, அள்ளி ஊற்றும்வரை நிற்கவேண்டும். 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்து முடிந்த பிறகும் கிணறுகள் பல அப்படியேதான் கிடந்தன. 1971 இல் புங்குடுதீவில் கோயில் கிணறு ஒன்றில் அந்தச் சனமும் தண்ணீர் அள்ளவேண்டும் என்று தளையசிங்கம் அவர்களோடு போய் நின்றார். அவர் பிறந்த சாதிக்கு அந்தக் கிணறு மூடியிருக்கவில்லை. வீட்டில் இருந்தபடி பேர்மனத்தைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். பொலிஸ் அடித்தது, மறியலில் வைத்தது. 1973 இல், நாற்பதைத் தொடமுன்னமே காலமானார். கே. டானியல் 'தண்ணீர்' என்ற பெயரிலேயே நாவல் எழுதியதற்குக் காரணமும் இதே மாதிரிக் கிணற்றடிகள்தான்.

மதீனாவின் ரூமாக் கிணற்றையும் சொன்னோம். காசு கொடுத்தால்தான் தண்ணீர் என்றிருந்த கிணறு. அதை வாங்கிப் பொதுவாக்கச் சொன்ன நபிகளார் (ஸல்), வாங்குகிறவரின் வாளியும் மற்றவர்களின் வாளியோடு ஒன்றாக இறங்கவேண்டும் என்றார்கள். உஸ்மான் (ரழி) வாங்கி அப்படியே விட்டார்கள். இதைச் சொல்லும்போது எங்கள் குரலில் கொஞ்சம் பெருமை ஏறியிருக்கவேண்டும். போத்தலை மடியில் வைத்திருந்தவள் அதைக் கண்டுகொண்டாள்.

"ரீச்சர், உங்கட வீட்டுக் கிணத்திலை எல்லாரும் அள்ளலாமோ?"

"ஓம்" என்று சொல்ல வாய் திறந்தோம். அந்த நேரம் மணி அடித்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வெளியே வந்துவிட்டோம்.

வரும் வழியில் கடலைப் பார்த்துக்கொண்டே யோசித்தோம். கிணறு என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது புத்தளம். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினோம். எங்களுக்கு அப்போது ஒன்பது வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது பக்கத்து வளவுக் கிணறு முதல் சில மாதம் திறந்திருந்தது. அந்த வீட்டார் நல்ல சனம், சோறும் தந்தவர்கள். பிறகு வரிசை நீண்டது, கிணறு வற்றியது, ஒரு நாள் படலைக்குப் பூட்டு விழுந்தது. உம்மா வாளியோடு படலைக்கு வெளியே நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. இத்தனை வருசமும் கிணற்றைப் பற்றி எதை வாசித்தாலும் நாங்கள் படலைக்கு வெளியே நின்றுதான் வாசித்தோம். தாகித்தவர் பக்கம்தான் எங்கள் பக்கம் என்று நினைத்துக்கொண்டே வாசித்தோம்.

ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது புத்தளத்துக் கிணற்றை அல்ல. எங்கட வீட்டுக் கிணற்றை.

எங்களுக்குள் சாதி இல்லை, பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவர்கள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அது பொய் இல்லை. ஆனால் அது பள்ளிவாசலுக்குள். காலையில் வாளிக் கக்கூஸ் துப்பரவு செய்ய ஒரு நகரசுத்தித் தொழிலாளி வருவார். வேலை முடித்து நின்று தண்ணீர் கேட்பார். அவருக்கு எதில் கொடுத்தோம்? வேப்பமரத்தில் ஏதோ தொங்கிய மாதிரி ஒரு நினைவு. நினைவா, டானியலை வாசித்து வந்த கற்பனையா என்று எங்களுக்கே சந்தேகம்.

இரவு புத்தளத்துக்குக் கோல் எடுத்து உம்மாவிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"இருந்திச்சு மகள். தகரப் பேணி. மரத்தில ஆணி அடிச்சுக் கொளுவி வைக்கிறது. நான்தான் அள்ளி ஊத்துவன்."

"அவர் அள்ளமாட்டாரோ உம்மா?"

"எப்பிடி அள்ளுவார்? ஆர் விடுறது?" பிறகு தானாகவே சொன்னா: "பாவம், ஒரு சொல்லுச் சொல்லாத மனிசன். பேர் என்னெண்டும் கேட்டதில்ல."

உம்மா ஐந்து நேரமும் தொழுகிறவ. தன் சோற்றில் பாதியை அயலுக்குக் கொடுத்தபிறகே சாப்பிடுகிறவ. படலைக்கு வெளியே வாளியோடு நின்றதும் அவதான், பேணியில் ஊற்றியதும் அவதான். இரண்டு கையும் ஒரே கை. இதை எழுதலாமோ என்று கேட்டோம். "எழுது, நடந்ததுதானே" என்றா.

அடுத்த நாள் பவுசர் வந்தது. பத்தாம் தரத்துக்குப் போய், நேற்று மணி அடித்ததால் சொல்லாமல் விட்ட பதில் ஒன்று இருக்கிறது என்றோம். எங்கட வீட்டுக் கிணற்றில் எல்லாரும் அள்ளவில்லை, எங்கட வீட்டிலும் ஒரு பேணி வேறாக இருந்தது என்று சொன்னோம். பின்வாங்கிலும் யாரும் சிரிக்கவில்லை.

கேள்வி கேட்டவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேணி இப்ப எங்கை ரீச்சர்?"

"தெரியாது. வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கு எல்லாத்தையும் விட்டிட்டுத்தான் வந்தனாங்கள். அதுவும் மரத்திலதான் கிடந்திருக்கும்."

முந்திய நாள் தலை கவிழ்ந்திருந்த பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்து, "அந்த ஐயாவின்ரை பேர் என்ன ரீச்சர்?" என்று கேட்டாள்.