கழுத்தளவுத் தண்ணீர்

தண்ணீரில் இறங்கிவிட்டால் கழுத்துக்குக் கீழே யாருடைய பருமனும் யாருக்கும் தெரியாது. நீச்சல் குளத்துக்கு நான் போக ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம். உடல்நலம், மூட்டுவலி எல்லாம் வீட்டில் சொன்ன காரணங்கள்.

மாதவிலக்கு நின்றபின் சாப்பாடு கூடவில்லை, வயிறு மட்டும் கூடியது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் கொழுப்பு இடுப்பை விட்டு வயிற்றில் சேரும் என்பது பிறகு தெரிந்தது. முழங்கால் வலிக்கிறது என்று போனால் எலும்பு டாக்டர் சொன்னார்: "வெயிட்டைக் குறைங்கம்மா, தினமும் வாக்கிங் போங்க." நடந்தால்தானே டாக்டர் வலிக்கிறது!

குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் இருந்தது. பருத்திச் சுடிதாருக்கு அனுமதியில்லை. முழங்கால்வரை வரும் நைலான் உடையை என் அளவுக்குக் கடைக்காரர் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார், அதுவும் ஆண்கள் அளவில். உடை மாற்றும் அறையிலிருந்து படிக்கட்டு பத்தடிதான். துண்டைச் சுற்றிக்கொண்டு வயிற்றை உள்ளிழுத்தபடி அந்தப் பத்தடியைக் கடப்பேன். துண்டைக் கம்பியில் போட்டுவிட்டு இறங்கும் நொடியில், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியம் இருக்காது. ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் வயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது, தேவையும் படவில்லை. இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் சுமார் பாதிதான் பாதத்தில் இறங்கும். மார்பளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குளத்தின் குறுக்கே நடப்போம். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் உயர்த்துவோம். உள்ளங்கையை விரித்துத் தண்ணீரைத் தள்ளும்போது எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு எதிர்த்து நிற்கும். "ஆன்ட்டி, முதுகு நேரா!" என்று கோச் பெண் கரையிலிருந்து கத்துவாள். குப்பென்று உடம்பெல்லாம் சூடு ஏறி வியர்க்கிற அவஸ்தை அந்த ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்காது.

குளத்தங்கரையில் நடந்த இன்னொரு வகுப்பு மாத்திரை வகுப்பு. தையல்கடை அக்காவின் பர்ஸில் ஒரு மெடிக்கல் ஷாப்பே இருந்தது. தைராய்டு மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து மூன்றையும் காலையில் ஒன்றாக விழுங்குவார். கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையை உடம்பில் ஏறவிடாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று, எங்களோடு வந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா அவரிடமிருந்து பர்ஸைப் பிடுங்காத குறை. தலைமுடிக்கென்று வாங்கிய பயோட்டின் தைராய்டு ரத்தப் பரிசோதனையையே தப்பாகக் காட்டக்கூடும் என்றும் நர்ஸம்மாதான் சொன்னார்.

எனக்கு வைட்டமின் டி குறைவு. பருமனான உடலில் அது கொழுப்பில் போய்த் தங்கிவிடுவதால் ரத்தத்தில் குறைவாகவே காட்டும். வாரம் ஒன்றாக 60,000 யூனிட் பொடியைப் பாலில் கலந்து எட்டு வாரம் குடிக்கச் சொன்னார் டாக்டர். குடித்தேன். உடம்பு இளைக்கவில்லை, இளைக்கவைப்பது அதன் வேலையுமில்லை. நல்லதுதானே என்று நாமாகத் தொடர்ந்து குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியும் சிறுநீரகக் கல்லும் வரலாம்.

தண்ணீரிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எடையைத் தாங்கினால்தான் எலும்பு உறுதிப்படும். எலும்பு வேகமாகத் தேய்கிற இந்த வயதில் தண்ணீர் அந்த எடையைத் தானே வாங்கிக்கொள்கிறது. அதனால் முழங்கால் ஓரளவு தேறியதும் மாடிப்படி ஏறவும், நாற்காலியைப் பிடிக்காமல் உட்கார்ந்து எழவும், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கவும் ஆரம்பித்தேன். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. மோரும் கீரையும் சேர்த்தும் எட்டாத மிச்சத்துக்கு மட்டும் மாத்திரை, அதுவும் சாப்பாட்டோடு.

இப்போது குளத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ குறைஞ்சீங்க?" இரண்டு என்கிறேன். முகம் தொங்கிப்போகிறது. கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுகிறேன் என்பதையும் சொல்கிறேன். அதற்குள் பாதிப் பேர் கோச்சிடம் கிலோ கணக்கைக் கேட்கப் போய்விடுகிறார்கள்.