ஒரு வீடு, ரெண்டு விலை

பொருளாதாரப் பாடத்தில் விலை என்றால் ஒன்றுதான். தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து "இதுதான் விலை" என்று சொல்லிக்கொடுப்பார்கள். நாமும் ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போட்டு அஞ்சு மார்க் வாங்கிவிடுவோம். ஆனால் ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ ஒரு பழைய ஃபிளாட் வாங்கப் போய்ப் பாருங்கள், அந்தப் புள்ளி ரெண்டாகிவிடும். பத்திரத்தில் எழுதுகிற விலை ஒன்று, கையில் கொடுக்கிற விலை இன்னொன்று. புரோக்கர்கள் பாஷையில் ஒயிட், பிளாக்.

சென்னைப் புறநகரில் வீட்டு விலை ஏறிவிட்டது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடந்த சில வருடங்களில் நடந்த பெரிய மாற்றம், இந்த ரெண்டு விலைக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் வரலாறு. (தூங்கிவிடாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.)

ஒவ்வொரு தெருவுக்கும், சர்வே எண்ணுக்கும் அரசாங்கம் ஒரு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. அதற்குக் குறைவாகப் பத்திரத்தில் எழுதினாலும், கட்டணத்தை அந்த மதிப்புக்குத்தான் கேட்பார்கள். எனவே ஊரில் பெரும்பாலானோர் வழிகாட்டி மதிப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு எழுதிவிட்டு, மீதியைப் பையில் வைத்துக் கொடுப்பது வழக்கமானது.

2017 ஜூன் மாதம் தமிழக அரசு இந்த மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கியது. முத்திரைத் தீர்வை முதலியவை 7 சதவீதம். ஆக மொத்தம் 11. பிறகு 2023 ஏப்ரல் 1 முதல் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுபோய், பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். மொத்தம் 9. 2024 ஜூலையில் மதிப்புகளை மறுபடியும் திருத்தினார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 100 ரூபாய் மதிப்புள்ள மனைக்கு 2017க்கு முன்னால் 8 சதவீதம், அதாவது 8 ரூபாய். மதிப்பைக் குறைத்த பிறகு 67 ரூபாய்க்கு 11 சதவீதம், அதாவது 7 ரூபாய் 37 காசு. 2023ல் மறுபடி 100க்கு 9 சதவீதம், 9 ரூபாய். அரசாங்கத்துக்குக் கட்டுகிற தொகை ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. மாறியது, பத்திரத்தில் எழுதுகிற தொகை. 67லிருந்து 100 என்றால் கிட்டத்தட்ட 50 சதவீதம் ஒரே நாளில் ஏறியிருக்கிறது! அந்த அளவுக்கு மேசைக்கு அடியில் போகிற பணம் குறைய வேண்டியதாயிற்று.

இதனால் யாருக்கு லாபம்? சம்பளம் வாங்கி, வங்கிக் கடனில் வீடு வாங்குகிறவருக்குத்தான். இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. "கட்டணம் ஏறுதேடா, எப்படி லாபம்?" என்பார்கள். எங்கள் சித்தப்பாவும் அதையேதான் கேட்டார்.

போன வருடம் அவர் ஒரு ஃபிளாட் பார்த்துக்கொண்டிருந்தார். விலை 60 லட்சம், வழிகாட்டி மதிப்புப்படி 40 லட்சம். புரோக்கர், "சார், 40க்கு எழுதிக்கலாம், உங்களுக்கும் செலவு மிச்சம், ஓனருக்கும் சந்தோஷம்" என்றார். சித்தப்பாவுக்கு அந்த 'மிச்சம்' என்ற வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. சித்தி மட்டும் வாயே திறக்கவில்லை. மீதி 20 லட்சத்துக்கு யார் நகை அடகுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். நான் பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது:

40 லட்சத்துக்கு எழுதினால்: கட்டணம் 9 சதவீதம், 3.6 லட்சம். இந்த அளவுக் கடனுக்கு வங்கி 80 சதவீதம் வரைதான் தரலாம், அதுவும் பத்திர விலைக்குத்தான். ஆக 32 லட்சம். கைக்காசு 28 லட்சம், கட்டணத்தோடு சேர்த்து 31.6 லட்சம்.

60 லட்சத்துக்கு எழுதினால்: கட்டணம் 5.4 லட்சம். கடன் 48 லட்சம் வரை கிடைக்கும். கைக்காசு 12 லட்சம், கட்டணத்தோடு 17.4 லட்சம்.

1.8 லட்சம் மிச்சம் பிடிப்பதற்காக 14.2 லட்சம் அதிகமாகப் புரட்ட வேண்டும்! அதுவும் எங்கே? நகைக் கடன், கைமாற்று, சீட்டு. வீட்டுக் கடன் வட்டியில் கிடைக்க வேண்டிய பணத்தை அதைவிடக் கூடுதல் வட்டிக்கு வெளியில் வாங்குவதற்குப் பெயர் மிச்சமா?

கதை இதோடு முடியவில்லை. இன்று வாங்குகிறவர் நாளைக்கு விற்கிறவர். பத்து வருடம் கழித்து அதே வீட்டை 80 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கிய சொத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் இண்டெக்சேஷன் சலுகை கிடையாது. பத்திரத்தில் 40 என்று இருந்தால் ஆதாயம் 40 லட்சம், வரி 5 லட்சம். 60 என்று இருந்தால் ஆதாயம் 20 லட்சம், வரி 2.5 லட்சம். (செஸ், பத்திரச் செலவு எல்லாம் விட்டுவிட்டேன்.) அன்றைக்கு மிச்சம் பிடித்த 1.8 லட்சம், இன்றைக்கு 2.5 லட்சமாகப் போகிறது. அந்த வரியிலிருந்து தப்பிக்க, அவரும் அடுத்தவரிடம் பிளாக் கேட்பார். இப்படித்தான் இந்த வியாதி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தொற்றுகிறது.

விற்பவர் பக்கமும் பார்ப்போம், இல்லையென்றால் ஓரவஞ்சனை ஆகிவிடும். 2005-06ல் 10 லட்சத்துக்கு வாங்கிய ஒருவர் 2024-25ல் ஆகஸ்டு வாக்கில் விற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சொத்து என்பதால் இண்டெக்சேஷனோடு 20 சதவீதம், அது இல்லாமல் 12.5 சதவீதம், எது குறைவோ அதைக் கட்டலாம். குறியீட்டு எண் 117லிருந்து 363. அவருடைய 10 லட்சம் கணக்கில் 31 லட்சம் ஆகிவிடும். 60க்கு எழுதினால் 20 சதவீதப்படி வரி 5.8 லட்சம் போல வரும். 40க்கு எழுதினால் 1.8 லட்சம். நாலு லட்ச ரூபாய் வித்தியாசம்! அவர் பிளாக் கேட்பது ஏன் என்று புரிகிறதா?

ஆனால் அவருக்கும் நேர்வழி இருக்கிறது. அந்த ஆதாயத்தில் விதிப்படி இன்னொரு வீடு வாங்கினாலோ, 6 மாதத்துக்குள் அரசு அறிவித்த பத்திரங்களில் (50 லட்சம் வரை, 5 வருடம் எடுக்க முடியாது) போட்டாலோ வரியே இல்லாமல் போய்விடும். மாறாக, வீட்டை விற்று 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 ஜூன் முதல் சட்டப்படி தவறு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். இதை எந்தப் புரோக்கரும் சொல்லி நான் கேட்டதில்லை.

புது ஃபிளாட் பக்கம் கதை வேறு. முன்பெல்லாம் பில்டர் நிலத்தின் பிரிபடாத பங்குக்கு மட்டும் கிரயப் பத்திரம் போடுவார், கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். 2023 டிசம்பர் முதல் ரெண்டும் சேர்த்து ஒரே பத்திரம். அதற்குச் சலுகையும் கொடுத்தார்கள்: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7. ஆக 60 லட்சம் புது ஃபிளாட்டுக்குக் கட்டணம் 4.2 லட்சம், அதே விலைப் பழைய ஃபிளாட்டுக்கு 5.4 லட்சம். பழைய வீட்டை விற்கிறவருக்கு இது ஒரு இடி. அவசரப்படாதீர்கள், கட்டி முடிக்காத வீடு என்றால் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு (45 லட்சத்துக்குள், பரப்பளவு வரம்புக்குள் இருந்தால் 1). அதைச் சேர்த்தால் புது ஃபிளாட் 7.2 லட்சத்துக்குப் போய்விடும். அதோடு பழைய மூணு மாடிக் கட்டடங்களில் பிரிபடாத பங்கு பொதுவாக அதிகம். விற்பவர்கள் பேரம் பேச வேண்டியது அதை வைத்து.

எல்லோருக்கும் இது நல்ல காலம் என்று நான் சொல்லவில்லை. வங்கிக் கடனே இல்லாமல், சீட்டுப் பணம் சேர்த்து ஊருக்கு வெளியே ஒரு சின்ன மனை வாங்குகிறவருக்கு வழிகாட்டி மதிப்பு ஏறினால் அது முழுக்கச் செலவுதான். கடன் அதிகம் கிடைக்கும் என்ற ஆறுதல்கூட அவருக்கு இல்லை. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரை பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்றார்கள். நல்ல விஷயம். ஆனால் இந்தப் பக்கம் 10 லட்சத்துக்கு என்ன மனை கிடைக்கும்? 9 சதவீதம் என்பதே இன்னும் குறைந்தால்தான், முழு விலை எழுத எல்லோருக்கும் மனசு வரும்.

சித்தப்பா கதையைக் கேட்பீர்களே! முழு விலைக்கு எழுதலாம் என்று கேட்டார், ஓனர் மறுத்துவிட்டார், அந்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து, கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு அறை சின்னதாக, முழு ஒயிட்டில் ஒன்று கிடைத்தது. சித்தியின் நகை பீரோவிலேயே இருக்கிறது.

நம் வகுப்பில் பாதிப் பேர் இன்னும் அஞ்சாறு வருடத்தில் வீட்டுக் கடன் விண்ணப்பத்தோடு நிற்கப்போகிறோம். அப்போது "சதுர அடி என்ன விலை?" என்று கேட்பதற்கு முன்னால் "பத்திரத்தில் எவ்வளவு எழுதுவீங்க?" என்று கேளுங்கள். வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் நாமே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்லை, இன்னும் பட்டமே கைக்கு வரவில்லை :-) உங்கள் வீட்டுக் கணக்கை ஒரு நல்ல ஆடிட்டரிடம் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.