கழல மறுத்த நட்டுகள்



குருமனை முற்றத்தில் நிற்கும் வெள்ளை அம்பாசடர் காரை உங்களில் பலர் அறிவீர்கள். என் மாமனார் பல ஆண்டுகள் ஓட்டி, பின்பு என்னிடம் ஒப்படைத்த வண்டி அது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலேயக் காரைத் தழுவி, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசடரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. இனிக் கிடைக்காத வண்டி என்பதால் வாரந்தோறும் கழுவி, மெழுகு பூசி, பளபளப்பாக வைத்திருந்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், நானும் அதில் மகிழ்ந்தேன். ஆனால் சக்கரங்களின் நடுவே மின்னும் அந்த வட்ட மூடிகளை நான்கு ஆண்டுகளாக நான் ஒருமுறையும் கழற்றிப் பார்க்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதை அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடு எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. நம் சபையின் வயதான தாயார் ஒருவர் மருத்துவமனையில் மிகவும் பலவீனமாக இருந்தார். "அம்மா உங்களைத்தான் கேட்கிறார்கள் ஐயா" என்றார் மகன். உடனே புறப்பட்டேன். உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையில் பின்சக்கரம் காற்றிழந்தது. டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, ஸ்பேனரும் இருந்தது. சக்கர மூடியைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். நட்டுகளும் அவற்றைத் தாங்கும் ஸ்டட்டுகளும் ஒரே செந்நிறக் கட்டியாக இறுகிக் கிடந்தன. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்தேன். ஒரு நட்டின் முனைகள் மழுங்கின. மற்றொரு ஸ்டட் முறிந்தது. எதுவும் கழலவில்லை. வழியே வந்த ஓர் இளைஞர் என்னைத் தம் பைக்கில் ஏற்றிச் சென்றார். நான் சேர்ந்தபோது அந்தத் தாயார் கண்மூடி இருபது நிமிடங்கள் ஆகியிருந்தன. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம், "நேற்று இரவு இது என்னைக் கைவிட்டுவிட்டது" என்றேன். அவர் மூடியின் உட்புறத்தைக் காட்டி, "இது நேற்று பிடித்த துரு இல்லை ஐயா" என்றார்.

இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு பிறக்கும். உப்புக் காற்று அதை விரைவுபடுத்தும். துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவேயுள்ள மரையின் சிறு இடைவெளி நிரம்பி, இரண்டும் இறுகிவிடுகின்றன. அதை நான் பலத்தினால் வெல்லப் பார்த்தேன். அண்ணாச்சியோ கம்பி பிரஷால் மேல்துருவைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஓர் இரவு முழுவதும் காத்திருந்தார். மறுநாள் வண்டியை ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே, சரியான அளவுள்ள ஸ்பேனரைப் பொருத்தி, சிறிது முறுக்கி, சிறிது தளர்த்தி, பொறுமையாக ஒவ்வொன்றையும் கழற்றினார்.

மழுங்கிய நட்டுகளையும் பழுதான ஸ்டட்டுகளையும் புதிதாக மாற்றினோம். மற்ற நட்டுகளை வினிகரில் ஊறவைத்து, தேய்த்து, சோடா உப்பு கலந்த நீரில் அலசி, உடனே உலர்த்தினோம். ஸ்டட்டின் மரைகளிலிருந்த எண்ணெய்ப் பசையையும் துடைத்தோம். "மரையில் கிரீஸ் பூசிவிடலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம் ஐயா. வழுக்கினால் அளவுக்கு மீறி முறுக்கிவிடுவோம், ஸ்டட் இழுபட்டுப்போகும்" என்றார். சக்கரத்தோடு பொருந்தும் சரிவான முகத்தில் பெயின்ட்டும் கூடாது. அது நசுங்கினால் நட்டு தளர்ந்துவிடும். மாட்டி முடித்தபின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முறுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் இறுக்கத்தை மீண்டும் சோதிக்க வேண்டும். "எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். கழற்றுகிற நட்டு இறுகாது" என்றார்.

அந்த வார்த்தை என்னை உறங்கவிடவில்லை. ஏனெனில் என் டைரியில் அந்தத் தாயாரின் பெயர் இருந்தது. மூன்று மாதங்களாக அவர் ஆள்மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். கன்வென்ஷன் முடியட்டும், கமிட்டி கூட்டம் முடியட்டும் என்று நான் நாள் தள்ளினேன். பிரசங்கங்கள் குறைவின்றி நடந்தன. ஆராதனைகள் ஒழுங்காக நடந்தன. மூடி பளபளத்தது. அந்த இரவில் நான் தாமதித்தது இருபது நிமிடங்கள் அல்ல, மூன்று மாதங்கள். இதை அந்த மகனிடம் அறிக்கையிட்டேன். "அம்மா உங்கள்மேல் வருத்தப்படவில்லை ஐயா, வழி பார்த்தார்கள், அவ்வளவுதான்" என்றார் அவர். வருத்தப்பட்டிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் துருவைக் குறித்துப் பேசினார். பல முறை அதைப் பிரசங்கித்திருக்கிறேன். பொக்கிஷத்தை மாத்திரமே நினைத்தேன். உறவும் துருப்பிடிக்கும் என்பதை அந்தச் சாலையோரத்தில்தான் கற்றேன்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் பேசி நெடுநாளான ஒரு சகோதரன் இருக்கலாம்; போகிறேன் போகிறேன் என்று தள்ளிய ஒரு வீடு இருக்கலாம். இறுகியிருந்தால் பலவந்தம் பண்ணாதிருங்கள். முதலில் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். ஒரு விசாரிப்பு, ஒரு மன்னிப்பு, பின்பு இன்னொரு நாள் இன்னொரு வார்த்தை. இறுகாதிருந்தால் அதற்காகக் காத்திராமல் இந்த வாரமே போய்வாருங்கள்.

நான் இப்போது சனிக்கிழமை மாலைகளை வேறெதற்கும் கொடுப்பதில்லை. டைரியில் இன்னும் பதினான்கு வீடுகள் இருக்கின்றன. உங்கள் வீடு அதில் விடுபட்டிருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லி அனுப்புங்கள். இம்முறை வருவேன்.

ஆண்டவரே, நாங்கள் பளபளப்பாக்கி வைத்த மூடிகளை நீரே திறந்து காட்டும். காலம் இருக்கும்போதே எங்களை இளகச் செய்யும். ஆமென்.