நடுவராய் நிற்கப் பழகுதல்

வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். திருக்குறளின் 12ஆம் அதிகாரம் அது. சான்றோர்க்குத் துலாக்கோலை உவமை காட்டும் அவ்வதிகாரத்தை மனனம் செய்து மதிப்பெண் பெற்றோர் பலர். நாமும் அவருள் ஒருவரே. ஆயினும் அதன் பொருள் நமக்கு விளங்கியது, பள்ளிச் சிறுவர் கால்பந்தாடும் புழுதி மைதானத்தில் விசிலோடு நின்ற நாட்களில்தான்.

கல்லூரி அணியில் ஆடிய காலம் முடிந்த பின்னரும் ஆட்டத்தின் மீதிருந்த பற்று நம்மை விட்டு நீங்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், "ஆடுவதற்கு ஆள் உண்டு; ஆட்டத்தை நடத்தி வைக்கத்தான் ஆள் இல்லை" என்று கூறி, மாவட்ட அளவில் நடந்த நடுவர் பயிற்சி வகுப்புக்கு நம்மை அனுப்பி வைத்தார். எழுத்துத் தேர்வு, ஓட்டத் தேர்வு, வாய்மொழித் தேர்வு என மூன்று வாயில்களைக் கடக்க வேண்டியிருந்தது.

கால்பந்தாட்டத்திற்கு விதிகள் 17. அவற்றைக் காத்துவரும் பன்னாட்டு விதிக்குழு 1886இல் தோன்றியது. கம்பத்திற்குக் கம்பம் 7.32 மீட்டர், குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர், பெனால்டிப் புள்ளியின் தொலைவு 11 மீட்டர், தண்ட உதையின்போது எதிரணியினர் விலகி நிற்க வேண்டிய தூரம் 9.15 மீட்டர். இவ்வெண்களை நினைவிற் கொள்ளுதல் எளிது. எங்கு நிற்பது, எப்போது ஊதுவது, எப்போது ஊதாதிருப்பது என்பவையே அரியவை.

நடுவர் பந்தின் பின்னாலேயே ஓடுபவர் அல்லர். மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கிச் சாய்கோட்டில் ஓடினால், ஆட்டம் அவருக்கும் கொடி ஏந்திய துணை நடுவருக்கும் இடையே அமையும். இருவர் பார்வையும் இரு பக்கமிருந்து அதன்மேல் விழும். இம்முறையைப் பரப்பியவர் இங்கிலாந்து நாட்டு நடுவர் ஸ்டான்லி ரௌஸ். விசிலுக்கும் ஒரு மொழி உண்டு. சிறு குற்றத்திற்குச் சிற்றொலி. முரட்டுத் தாக்குதலுக்கு நீண்ட வல்லொலி. எல்லாவற்றிற்கும் ஒரே விதமாக ஊதுபவரின் விசிலுக்கு மதிப்பிராது. குற்றம் இழைக்கப்பட்ட அணிக்கே பந்து சாதகமாகச் செல்லுமாயின், கைகளை முன்னே நீட்டி ஆட்டத்தைத் தொடர விடுதலே அறம்.

சிறுவர் ஆட்டத்தில் நடுவரின் பணி ஆட்டத்திற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மைதானத்தில் கண்ணாடித் துண்டு கிடக்கிறதா, கோல் கம்பம் சாயாமல் ஊன்றப்பட்டுள்ளதா என நடந்து பார்த்தல் வேண்டும். முழங்காலுக்குக் கீழே காப்புப் பட்டை அணியாத சிறுவனை ஆட விடலாகாது. மோதிரம், வளையம், சங்கிலி எதுவும் உடலில் இருத்தல் கூடாது. மேலே பட்டை ஒட்டி மறைப்பதும் விதிக்குப் புறம்பானது. ஒருமுறை கழுத்துத் தாயத்தைக் கழற்றச் சொன்னபோது ஒரு சிறுவனின் கண்கள் கலங்கின. "தம்பி, உம்மாவிடம் கொடுத்து வை, ஆட்டம் முடிந்ததும் வாங்கி அணிந்துகொள்" என்றோம். ஓடிச் சென்று கொடுத்துவிட்டு வந்தான். விதியைத் தளர்த்தாமலும் பிள்ளையின் மனத்தை நோகடிக்காமலும் பேசப் பழகுவது இப்பணியின் பாதி. விதிகளும் கல்லால் ஆனவை அல்ல. தலைமறைப்பு அணிந்து ஆடும் உரிமை 2014இல் விதிகளில் இடம் பெற்றது. சிறுவர்க்காக ஆட்ட நேரத்தையும் மைதான அளவையும் குறைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

இனி, நம் நெஞ்சில் தங்கிய நிகழ்ச்சி ஒன்று. ஓர் ஊரில் பள்ளிகளுக்கிடையிலான போட்டி. இறுதி ஆட்டம். இரு அணியும் தலா ஒரு கோல். முடிய மூன்று நிமிடங்கள் இருக்கையில், போட்டியை நடத்தும் பள்ளியின் தடுப்பாட்டக்காரன் தன் பெனால்டி எல்லைக்குள் எதிரணிச் சிறுவனை இடறி வீழ்த்தினான். நாம் ஐந்து அடி தொலைவில் நின்றிருந்தோம். விசிலை ஊதிப் புள்ளியைச் சுட்டினோம்.

கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. பொறுப்பாளர் ஒருவர், "உமக்குப் படி கொடுப்பது யார் என்பது நினைவிருக்கட்டும்" என்றார். எம்முடன் தேர்வெழுதித் தேறிய பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் அன்று கொடி ஏந்தி நின்றார். அவர்மேல் மண்ணாங்கட்டிகள் விழுந்தன. நாம் இடத்தை விட்டு அசையவில்லை. கூட்டம் விலகிய பின் பெனால்டி உதைக்கப்பட்டது, கோல் ஆயிற்று, ஆட்டம் முடிந்தது. படியும் வரவில்லை, ஊர் திரும்பப் பேருந்துக் கட்டணம் நம் சட்டைப் பையிலிருந்தே போயிற்று.

புறப்படும் வேளையில் இடறிய அச்சிறுவனே வந்தான். "சார், என் கால்தான் பட்டது" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனான். பெரியவர் அத்தனை பேரும் மறுத்த உண்மையை ஒரு பிள்ளை ஒப்புக்கொண்டான். அன்று நாம் பெற்ற படி அதுவே.

ஆயினும் கொடி ஏந்திய இளைஞர் அதன்பின் மைதானத்திற்கு வரவில்லை. இருமுறை இல்லம் தேடிச் சென்று அழைத்தோம். "என் தாயார் வேண்டாம் என்கிறார்" என்றார். கூர்மையான பார்வை உடையவர். நாளை மாநில அளவில் நின்றிருப்பார். ஒரு மாலைப் பொழுதின் வசைமொழி அவரை நம்மிடமிருந்து பறித்துவிட்டது. இதனையே சமுதாயப் பெரியோர் சிந்திக்க வேண்டுகிறோம். தொடக்க நடுவரும் ஒரு வீட்டுப் பிள்ளையே. அவரை ஏசி விரட்டிவிட்டால் அடுத்த ஆண்டு நம் பிள்ளைகளின் ஆட்டத்தை யார் நடத்துவர்?

1998 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நடத்தியவர் மொராக்கோ நாட்டின் சயீத் பெல்கோலா. 2002 உலகக் கோப்பையில் நம் நாட்டின் கோமளீசுவரன் சங்கர் துணை நடுவராக நின்றார். 2022இல் பிரான்சின் ஸ்டெபனி ஃபிரப்பார், ஆடவர் உலகக் கோப்பை ஆட்டமொன்றை நடத்திய முதல் பெண்மணி ஆனார். எவரும் உலகக் கோப்பையில் தொடங்குவதில்லை. ஏதோ ஒரு சிறிய மைதானத்தின் ஓரத்தில் தொடங்கித்தான் ஆக வேண்டும்.

இத்துறைக்கு வர விழையும் மாணவ மாணவியர்க்குச் சில சொற்கள். விசில் இரண்டு, கடிகாரம் இரண்டு, நாணயம் ஒன்று, சிறு குறிப்பேடு, பென்சில், இரு வண்ண அட்டைகள் இவை போதும். விதிநூலை ஆண்டுதோறும் புதிதாகப் படியுங்கள். கோல் காவலர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை என்பது 2025இல் வந்த மாற்றம். நாள்தோறும் ஓடுங்கள். முடிவை விரைந்தும் தெளிந்தும் அறிவியுங்கள், வாதிடாதீர்கள். தலையில் அடிபட்டு எச்சிறுவன் வீழ்ந்தாலும் கோலைப் பாராது ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள்.

ஊதியம் சிறிது, ஏச்சு பெரிது. எனினும் இருபத்திரண்டு பிள்ளைகள் ஒருவர் சொல்லை நம்பி ஆடுகிறார்கள் என்பது சிறிய பேறன்று. அந்நம்பிக்கைக்கு உரியவராய் நிற்க இளைஞர்கள் முன்வருக! அவர்கள் அஞ்சாது நிற்கப் பெரியோர் துணைபுரிக!